மூன்றாம் மாடியில் ஆறு நிமிடம்

எனக்கு மாடிப்படி ஏறுவது என்றாலே ஆகாது. பத்துப் படி ஏறினால் முழங்கால் முனக ஆரம்பித்துவிடும். அதனால் எல்லாருக்கும் முன்பே வந்து, லிஃப்டில் மூன்றாம் மாடிக்குப் போய், மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வது என் வழக்கம். படி ஏறுகிறவனின் கஷ்டம் தெரியாத ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூச்சுப் பயிற்சி மையத்தில் நான் புள்ளிவிவர அலுவலர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். அங்கே எனக்குத் 'தசமம்' என்று பெயர். ஒரு தடவை இயக்குநர் தம் அறிக்கையில் 7.4 என்பதை 7 என்று எழுதிவிட்டார். நான் மூன்று பக்கத்துக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கிண்டலாகத்தான் வைத்தார்கள், எனக்கு அதில் வருத்தமில்லை. எண் என்பது ஒருவர் நம்பிக் கொடுத்துவிட்டுப் போகும் பொருள், அதில் கைவைக்கிறவன் மனிதனே இல்லை என்பது என் கொள்கை.

நடந்ததைப் புரிந்துகொள்ள நீங்கள் ஒரு சிறு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயப்படாதீர்கள், காய்கறிக் கடையில் போடுகிற கணக்குதான்.

எங்களிடம் வருகிறவர்கள் நுரையீரல் கெட்டுப்போனவர்கள். மூன்றாம் மாடியில் முப்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைகூடம், இரண்டு முனையிலும் மஞ்சள் கூம்பு. வந்த அன்று ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி, எத்தனை மீட்டர் நடந்தார் என்று பிசியோ பெண் குறித்துக்கொள்வாள். பிறகு ஆறு வாரம் பயிற்சி. முடிந்ததும் அதே கூடத்தில், அதே ஆறு நிமிடம், அதே ஆள். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிடுவதற்குப் பெயர் ஜோடி டி-டெஸ்ட். குட்டையோ நெட்டையோ, கிழமோ வாலிபமோ, அதற்குக் கவலையில்லை. அதற்கு வேண்டியது வித்தியாசம் மட்டும். அந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கடைசியில் ஓர் எண்ணைச் சொல்லும். அது 0.05க்குக் கீழே இருந்தால் பயிற்சி பலித்தது என்று ஊர் நம்பும். மேலே இருந்தால் இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் நிர்வாகக் குழு அதைத்தான் சொல்லியிருந்தது. முதலில் பன்னிரண்டு பேரை வைத்து ஒரு வெள்ளோட்டம் பார்த்தோம். சராசரியாக ஒன்பது மீட்டர் முன்னேற்றம். எண் 0.24. அதாவது, காற்றடித்தால்கூட அவ்வளவு நகர்ந்திருப்பார்கள். குழு ஒரு வருடம் அவகாசம் கொடுத்தது. இருபத்துநான்கு ஜோடி, அதாவது இருபத்துநான்கு ஆளின் முன்பின் அளவு வேண்டும், எண் 0.05க்குக் கீழே வேண்டும், இல்லையென்றால் மையம் இல்லை. பதினொரு பேருக்கு வேலை போகும். அதில் ஒருவன் நான். இந்த வயதில் என்னை வேறு யார் எடுப்பார்கள்.

இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"என்னய்யா தசமம், வரலையா?"

"வரல சார்."

"கொஞ்சம் பாத்துப் பண்ணக் கூடாதா?"

"எண்ணைத் தொட மாட்டேன் சார்."

"உன்ன யாரு தொடச் சொன்னா. பாத்துப் பண்ணுன்னுதான சொன்னேன்."

பெரிய மனிதர்கள் பேசும் விதமே தனி. அவர் பார்த்துப் பண்ணச் சொன்னார், நான் பார்த்துப் பண்ணினேன், அவர் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. மூன்று பேர் வேலையை இரண்டே பேர் முடித்தோம்.

முதல் அளவு எடுப்பது மாதத்தில் ஒரு புதன்கிழமை. ஒரு புதனன்று மின்சாரம் போய்விட்டது. நான்கு பேர் மூன்று மாடியும் ஏறி வந்து, மூச்சு இரைக்க இரைக்க நடந்தார்கள், தூரம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆறு வாரம் கழித்து மின்சாரம் இருந்தது. நான்கு பேரும் நன்றாக நடந்தார்கள். இயக்குநர் டீ வாங்கிக் கொடுத்தார். நான் டீயைக் குடித்துக்கொண்டே அந்த நான்கு வரிகளைப் பார்த்தேன். வித்தியாசத்துக்கு இரண்டு முனை இருக்கிறது. பின்முனையைத் தூக்க ஆறு டாக்டர்களால் ஆகவில்லை. முன்முனையை இறக்க ஒரு மின்வெட்டு போதும். இருபத்திரண்டு வருடம் அந்த டெஸ்டைப் போட்டிருக்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை என்று வெட்கமாக இருந்தது.

பலகை ஒன்று எழுதி வாங்கினேன். 'லிஃப்ட் பழுது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' இரண்டாவது வாக்கியம் நானாகச் சேர்த்தது, நோயாளிகளிடம் மரியாதை வேண்டும். முதல் அளவு எடுக்கும் புதன்களில் நான் லிஃப்டில் மேலே போய், விசையை அணைத்துவிட்டு, பலகையை மாட்டச் சொல்லிக் கீழே காவலாளிக்குப் போன் செய்வேன். மற்ற மாடிகள் காலியாகக் கிடந்ததால் கேட்க நாதியில்லை. பின்னளவு நாட்களில் லிஃப்ட் ஓடும்.

அடுத்தது பம்ப். மூச்சுக்கு மருந்தடித்துக்கொள்ளும் அந்தச் சின்ன நீல பம்ப் இல்லாமல் எங்கள் நோயாளிகள் வாசல் தாண்ட மாட்டார்கள். முதல் அளவுக்கு வரும் காலையில் அதை அடிக்க வேண்டாம் என்று சொன்னோம். அளவு சுத்தமாக இருக்க வேண்டுமே. சிலர் ரகசியமாக அடித்துக்கொண்டார்கள். ஆகவே கட்டடத்துக்குள் நுழைந்ததுமே காவலாளி பம்ப்பை வாங்கி, எண் ஒட்டி, ஒரு பெட்டியில் போட்டுக் கயிறு கட்டி மேலே அனுப்ப, நான் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவேன். அளவு முடிந்ததும் அவரவர் பம்ப் அவரவர் கையில். ஒன்றுகூட மாறியதில்லை. பின்னளவு நாளில் பம்ப்பைக் கொடு என்று காவலாளி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நோயாளிகளும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டவன் சொன்னால் மனிதர்கள் எதையும் கேட்பதில்லை, எனக்குக் கோட்டுகூடக் கிடையாது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாய்ந்துவிட்டது. கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, சற்று உட்காரவைத்து, நடக்கவைத்தோம். பின்னளவில் நூற்றுப் பத்து மீட்டர் அதிகம் நடந்தார். பிசியோ பெண் கைதட்டினாள். எனக்குப் பகீர் என்றது.

ஏன் என்று கேட்பீர்கள். அங்கேதான் கற்றவனுக்கும் கல்லாதவனுக்கும் வித்தியாசம். ஒருவர் நூற்றுப் பத்து, ஒருவர் ஐந்து, ஒருவர் முப்பது என்று சிதறினால் டி-டெஸ்ட் சந்தேகப்படும். எல்லாரும் இருபது இருபதாக ஏறினால் நம்பிவிடும். அதற்கு வேண்டியது ஒற்றுமை. ஆகவே எல்லாரையும் சமமாகக் களைக்கவைக்க வேண்டியிருந்தது. நலிந்தவர்களுக்கு இரண்டாம் மாடியில் நாற்காலி போட்டுத் தண்ணீர் வைத்தேன், நான் ஒன்றும் கல் இல்லை. திடமானவர்களை ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடி கீழே அனுப்பினேன். யாருக்கு எத்தனை தடவை என்று ஒரு சிறு நோட்டில் குறித்துவைத்தேன். அந்த நோட்டு இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறது. அதில் அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இராது.

இருபத்து மூன்று ஜோடி சேர்ந்தது. சராசரி இருபத்திரண்டு மீட்டர், எண் 0.015. இன்னும் ஒரே ஒரு ஆள்.

அப்போதுதான் என் சகலையின் ஞாபகம் வந்தது. சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். முப்பது வருடம் வெல்டிங் பட்டறையில் புகை குடித்தவர். நுரையீரலில் பாதி போய்விட்டது, உடம்பு மட்டும் மரம் மாதிரி. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியெல்லாம் அவர் சும்மா செய்து கொடுத்தது. வீட்டு விசேஷத்தில் என்னைப் பார்த்தாலே, "என்ன சகலை, ரெண்டும் ரெண்டும் இப்பவும் நாலுதானா, இல்ல ஏத்திட்டாங்களா?" என்று கேட்டு ஊரையே சிரிக்கவைப்பார். அவர்மேல் எனக்குக் கோபமா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. கணக்கில் விருப்பு வெறுப்பு பார்ப்பது கத்துக்குட்டிகளின் வேலை.

ஆஸ்பத்திரி என்றால் அவருக்கு அலர்ஜி. அக்காதான் பேசி இணங்கவைத்தார்.

"நீங்க அங்க இருக்கீங்கல்ல தம்பி, பாத்துக்குவீங்கல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

"நான் பாத்துக்கிறேன்க்கா" என்றேன்.

அந்தப் புதன்கிழமை மற்றவர்கள் யாருமில்லை, சகலை மட்டும். மூன்று மாடியும் ஏறி வந்து நின்றார். லேசாகத்தான் இரைத்தது. "மூச்சு முட்டுறவனுக்குன்னு தேடிப் புடிச்சு மூணாவது மாடியில வச்சிருக்கீங்களேய்யா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆள் இப்போதே நானூறு மீட்டர் நடப்பார், ஆறு வாரம் கழித்து நானூற்று ஐந்து நடப்பார். ஐந்து மீட்டரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

"சகலை, சம்மதப் படிவத்தக் கீழ காவலாளி மேசையில விட்டுட்டேன். எடுத்துட்டு வந்துடுறீங்களா? எனக்குத்தான் முழங்கால் சரியில்ல."

போனார், கொண்டுவந்தார். இது பழைய படிவம், புதுசு வேண்டும் என்றேன். மறுபடி போனார். வந்ததும் இரண்டு பிரதி வேண்டும் என்றேன். வெளியாள் என்றால் மூஞ்சியில் எறிந்துவிட்டுப் போயிருப்பான். சொந்தக்காரன் ஆயிற்றே என்று அவர் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் தடவை இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஏறி வரும்போது இரண்டாம் மாடியிலிருந்து குரல் கேட்டது. "சகலை, அந்தப் பம்ப்ப எடுத்துட்டு வாங்க."

கேட்டது. கேட்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இழுப்பறைச் சாவி என் கையில் இருந்தது. ஆனால் பம்ப் அடித்தால் நான்கு மணி நேரத்துக்கு அளவு கெட்டுவிடும். அடுத்த புதன் ஒரு மாதம் கழித்து. அறிக்கைக் கெடு தள்ளிப்போகும். இவ்வளவையும் யோசித்தேன். "கொஞ்சம் உக்காந்துட்டு வாங்க சகலை, சரியாப்போயிடும்" என்று மேலேயிருந்து சொன்னேன். இன்னொரு தடவை கூப்பிட்டார், பெயர் சொல்லவில்லை, வெறும் சத்தம்தான். அப்புறம் சத்தம் இல்லை. ஆசுவாசப்பட்டுவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். ஐந்து நிமிடம் பொறுத்து பிசியோ பெண் இறங்கிப் போய்ப் பார்த்தாள். அவள் ஓடி வந்த வேகத்தில் நான் இழுப்பறையைத் திறந்துவிட்டேன். பம்ப் சரியான எண்ணோடு சரியான இடத்தில்தான் இருந்தது. அவருக்குத்தான் அது தேவைப்படவில்லை.

படிவம் இரண்டு பிரதியும் அவர் கையில் கசங்கிக் கிடந்தன. கையெழுத்து போட்டிருக்கவில்லை. கையெழுத்து இல்லாதவர் ஆய்வில் சேர்ந்தவர் ஆக மாட்டார். 'ஆய்வின்போது மரணம் எதுவும் நிகழவில்லை' என்று அறிக்கையில் எழுதினேன். அது உண்மை. இயக்குநர் அதை இரண்டு முறை படித்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

காரியமெல்லாம் முடிந்தது. என் மனைவி அழுதாள், நானும் அழுதேன். மனசு விட்டுத்தான் அழுதேன், நல்ல மனிதர் அவர். ஆனாலும் ஓர் ஆள் குறைகிறதே. அக்கா பஞ்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்தவர், அவருக்கும் இரைப்பு உண்டு. அடுத்த முதலளவு புதனுக்கு முன்னால் போய்ப் பேசினேன். சகலை சேர ஆசைப்பட்ட இடம், அவருக்காக நீங்கள் வாருங்கள் என்றேன். அப்படி அவர் ஆசைப்படவில்லைதான். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வதில்லையா.

அக்கா வந்தார். அவருக்காகப் பலகை மாட்டவில்லை, பம்ப்பையும் வாங்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்த பெண் எவ்வளவு தூரம் நடந்துவிடுவார். இருநூற்று ஆறு மீட்டர். நாற்பது நாள் போனால் துக்கம் கொஞ்சம் ஆறும், நடை தானாகக் கூடும். பயிற்சிக்கும் ஒழுங்காக வந்தார். நான் போட்ட திட்டத்திலேயே மிகவும் சுத்தமானது இதுதான்.

கெடுத்தது லிஃப்ட் மெக்கானிக். மாதாமாதம் எண்ணெய் போட வருகிறவர். அக்கா அவரோடு லிஃப்டில் ஏறும்போது, "இது அன்னிக்கு மட்டும் ரிப்பேர் ஆகாம இருந்திருந்தா எங்க வீட்டுக்காரரு இருந்திருப்பாரு" என்று சொல்லியிருக்கிறார். மெக்கானிக்குக்குக் கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. தேதி கேட்டுத் தன் சர்வீஸ் நோட்டைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். பிறகு என் மேசைக்கு வந்து கத்தினார்.

"பதினாலு மாசமா இந்த லிஃப்ட்டு ஒரு நாள் நின்னதில்ல சார். கரண்ட்டு போனா அது என் கணக்கு இல்ல. எவன் சார் பழுதுன்னு போர்டு மாட்டுறது?"

விசாரிக்கிறேன் என்றேன். எனக்கு ஒரே கவலை, அக்கா பின்னளவுக்கு வருவாரா மாட்டாரா என்பதுதான். அதற்குள் பிசியோ பெண்ணும் அவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது.

அக்கா வந்தார், குறித்த நேரத்துக்கு. கூடத்தின் முனையில் மஞ்சள் கூம்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிசியோ பெண் கடிகாரத்தை அழுத்தினாள்.

"எழுந்திருங்கம்மா, நேரம் ஓடுது."

"ஓடட்டும்" என்றார் அக்கா. அசையவில்லை.

ஒரு நிமிடம் ஆயிற்று. என்னை நிமிர்ந்து பார்த்தார். "மூணு தடவ அவர இறக்கி ஏத்துனீங்களாமே. என்ன எடுக்கப் போனாரு தம்பி?"

"படிவம்க்கா."

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. வெத்துப் படிவம்."

"பம்ப்பு கேட்டாரா?"

"கேட்டாரு."

 அக்கா அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த நீளக் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு சீராக இருந்ததை நான் கவனித்தேன், பயிற்சி பலித்திருக்க வேண்டும். ஆறு நிமிடம் முடிந்து கடிகாரம் ஒலித்தது.

"எவ்வளவு?" என்றார்.

"பூஜ்யம்மா" என்றாள் பிசியோ பெண்.

"எழுதிக்கம்மா. அவருக்கு என்ன எழுதுனீங்க?"

நான்தான் பதில் சொன்னேன். "அவருக்கு அளவே எடுக்கலக்கா."

"அப்ப ரெண்டு பேருக்கும் சேத்து இதுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். படி வழியாகத்தான் இறங்கிப் போனார், ஒவ்வொரு மாடியாக நின்று நின்று. என் மனைவியும் அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வராதவர்களை விட்டுவிடலாம், ஜோடி இல்லையென்று டி-டெஸ்டே ஒதுக்கிவிடும். வந்து நடக்காதவருக்கு, நடந்த தூரத்தை, அதாவது பூஜ்யத்தை எழுத வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான்தான். இருபத்துநான்காம் வரியில் பூஜ்யத்தைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். இருநூற்று ஆறு மீட்டர் பின்னடைவு. எண் 0.32. இருபத்து மூன்று பேர் அந்தப் படிகளில் பட்ட பாடு அத்தனையும் வீண்.

இரண்டு நாளாக நீங்கள் சகலையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பலகை யாருடையது, சாவி யாரிடம் இருந்தது, குரல் கேட்டதா இல்லையா என்று. எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லிவிட்டேன். அதெல்லாம் அளவு எடுப்பதற்கு முன்னால் நடந்தவை. அவற்றை ஆய்வுக்கான ஏற்பாடு என்று சொல்வார்கள். நான் யாரும் கூப்பிடாமல் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காக இல்லை. பிசியோ பெண்ணின் தாளில் இருப்பதும் என் கணினியில் இருப்பதும் வேறு வேறு என்று உங்கள் ஆட்கள் இன்னும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

பூஜ்யத்தை அழித்துவிட்டு இருநூற்று முப்பத்தொன்று என்று நான் எழுதினேன். அடக்கமான தூரம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எண் 0.011 ஆயிற்று. மையம் தப்பித்தது. ஆனால் அந்த மூன்று இலக்கத்தையும் அடிக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. இன்றுவரை சோறு இறங்கவில்லை. என்ன தண்டனை கொடுத்தாலும் தலைகுனிந்து ஏற்றுக்கொள்கிறேன். தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். இந்த இருபத்திரண்டு வருடத்தில் மனசாட்சிக்கு விரோதமாக நான் செய்த ஒரே காரியம் அது.